படகின் அந்தப் பக்கம்

சேப்பாக்கம், சென்னை
16-11-1958

அன்பு மயிலுக்கு,

ரத்தினவேல் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உடம்பும் வெள்ளையம்மாள் மதினியின் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று ஒரு வரி எழுதினாயானால் என் மனம் ஓரிடத்தில் உட்காரும்.

தீபாவளிக்கு நீ திருவெள்ளறைக்கு வருவாய் என்று அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் சென்னையிலிருந்து அதற்காகத்தான் போனேன். போனவனுக்குக் கிடைத்தது எண்ணெய்க் குளியலும் அம்மாவின் கேள்விகளும்தான். "என்னடா செஞ்ச அந்தப் புள்ளைய? என் அண்ணன் மக சும்மா கோச்சுக்கிற பொண்ணு இல்லையே" என்று இருந்த இரண்டு நாளும் கேட்டாள். தண்ணீரில் விழுந்த பயம், தெளிந்ததும் வந்துவிடுவாள் என்று சொல்லிவைத்தேன்.

நாலு நாள் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று முக்கொம்பில் பஸ் ஏறினாய். ஆவணியில் போனவள். இன்றைக்குக் கார்த்திகை பிறந்துவிட்டது. நடுவில் எனக்கு மாற்றல் வந்தது. அணை குவார்ட்டர்ஸை நான் ஒருவனாகவே காலி செய்தேன். நீ பழைய பள்ளிக்கூடத்திலேயே மறுபடி வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்பது கூட எனக்கு ஊரார் வாயால்தான் தெரிந்தது.

அன்றைக்கு அணைத் தண்ணீரில் நடந்ததை இன்னொரு தடவை எழுதுகிறேன். நேரில் நான் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. மேல்காற்று திடீரென்று பாயில் அறைந்தது. படகு பக்கவாட்டில் சாய்ந்தது. வெள்ளைக்கார எஞ்சினீயர் விட்டுப்போன அந்தப் படகு சாயுமே தவிர மூழ்காது. உள்ளே காலி டின்கள் கட்டியிருக்கின்றன. சாய்ந்ததை நிமிர்த்த ஒருவர் அதன் அடிப்பக்கம் போக வேண்டும். நான் போனேன். நீ பாய் கிடந்த பக்கம் இருந்தாய். அதற்குள் மதகு ஷட்டர் ஏற்றி இறக்குகிற லஸ்கர் மூக்கன் பரிசலைப் போட்டுக்கொண்டு வந்து உன்னைத் தூக்கிவிட்டான். அவன் வராவிட்டாலும் இன்னும் இரண்டு நிமிஷத்தில் நானே உன்னைப் படகில் ஏற்றியிருப்பேன். இவ்வளவுதான் நடந்தது.

இதில் ஒரு பெண் புருஷனை விட்டுப் போக என்ன இருக்கிறது, சொல்லு.

ரூமில் உட்காரவே பிடிக்கவில்லை. ஆபீஸ் விட்டதும் கடற்கரையில் நடக்கிறேன். நடந்து முடித்ததும் திரும்பவும் நடக்கிறேன். பதில் போடு.

உன் அன்புள்ள
ரத்தினவேல்


மூலத்தோப்பு, ஸ்ரீரங்கம்
27-11-1958

அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. அக்காவின் முழங்கால் மழைக்கு வலிக்கிறது, வெயிலுக்குத் தேவலை. நான் ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பூகோளம் எடுக்கிறேன். மலைகளும் நதிகளும் என் தயவில் ஒழுங்காக இருக்கின்றன.

நீங்கள் "இவ்வளவுதான்" என்று முடித்த இடத்தில்தான் எனக்கு ஆரம்பிக்கிறது.

எனக்கு நீந்தத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான், "நான் இருக்கேன்ல, வா" என்று கூட்டிப்போனீர்கள். விழுந்ததும் நான் பாய்க்கு அடியில் போய்விட்டேன். ஈரத்துணி முகத்தை மூடிக்கொண்டது. எப்படியோ வெளியே வந்து படகின் விளிம்பைப் பிடித்தேன். படகு என் முன்னால் சுவர் மாதிரி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரியவில்லை.

மூன்று முறை கூப்பிட்டேன். முதல் இரண்டு முறை "அத்தான்" என்று. பதில் இல்லாமல் போகவே, மூன்றாவது முறை பெயரைச் சொல்லியே கூப்பிட்டேன். கல்யாணமானதிலிருந்து நான் உங்கள் பெயரைச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதற்கும் பதில் இல்லை. நீங்கள் தண்ணீரோடு போய்விட்டீர்கள் என்றே முடிவு செய்துவிட்டேன்.

மூக்கன் என்னைப் பரிசலில் போட்ட பிறகு படகுக்குப் பின்னாலிருந்து உங்கள் தலை தெரிந்தது. "பயப்படாத, படகுக்கு ஒண்ணும் ஆகல" என்றீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். கூப்பிட்டதற்கு ஏன் பதில் சொல்லவில்லை?

மயிலம்மாள்


சென்னை
21-12-1958

அன்பு மயிலுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு மூன்று வாரம் திரிந்துவிட்டேன். நடுவில் ரூமும் மாறியாயிற்று. பழைய ரூமில் ஜன்னல் சரியில்லை. புதிதில் ஜன்னல் நன்றாக இருக்கிறது, எனக்குத்தான் அதன் பக்கத்தில் உட்காரத் தோன்றவில்லை.

ஏன் பதில் சொல்லவில்லை என்கிறாய். எனக்குக் கேட்கவில்லை, மயில். அந்தக் காற்றில், பாய் படபடவென்று அடிக்கிற சத்தத்தில், நடுவில் ஒரு படகே இருக்கும்போது எப்படிக் கேட்கும்?

ஆபீசில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகத்தில் பாய்ப்படகு ஓட்டுகிறார். நம் கதையைக் கேட்டுவிட்டு என்னையும் கூட்டிப்போனார். அங்கே படகுகளைப் பார்த்துக்கொள்கிற ஸ்தனிஸ்லாஸ் என்பவர் ராயபுரத்துக்காரர், அலையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவரிடம் விவரமாகக் கேட்டுக்கொண்டேன். நான் செய்தது சரிதான் என்று நீயே தெரிந்துகொள்ள, அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

படகு சாய்ந்ததும் முதல் விதி, அதை விட்டுப் போகக் கூடாது. கரை பக்கத்தில் தெரிந்தாலும் நீந்தக் கூடாது. இரண்டாவது, பாயை இழுத்துப் பிடிக்கிற கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நிமிர்ந்த படகு காற்றை வாங்கி மறுபடி சாயும். பிறகு ஒருவர் சுற்றிக்கொண்டு அடிப்பக்கம் போக வேண்டும். படகின் வயிற்றிலிருந்து ஒரு பலகை நீட்டிக்கொண்டிருக்குமே, அது அப்போது தண்ணீருக்கு மேலே படுக்கையாக இருக்கும். அதில் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உடம்பின் கனம் முழுவதையும் பின்னால் சாய்க்க வேண்டும். மற்றவர் பாய்ப்பக்கத்தில் படகை ஒட்டித் தண்ணீரில் படுத்துக் கிடக்க வேண்டும். படகு எழும்போது அவரையும் அள்ளி உள்ளே போட்டுக்கொண்டே எழும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அதுதான் அதன் சங்கடம் என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

பார்த்தாயா? உன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்ததுதான் நான் செய்த குற்றம். இங்கே கேட்டவர்கள் எல்லோரும், பதறாமல் அடிப்பக்கம் போனாயே என்று மெச்சிக்கொள்கிறார்கள். உனக்கு மட்டும்தான் அது புரியவில்லை.

பொங்கலுக்காவது வா.

உன்
ரத்தினவேல்


ஸ்ரீரங்கம்
8-2-1959

அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு நான் வரவில்லை என்று அத்தை இங்கே வந்துவிட்டார்கள். கையில் ஒரு மூட்டை மொச்சைக்காய். வாயில் எனக்கு வைத்திருந்த ஏச்சு அதைவிடப் பெரிய மூட்டை. "தண்ணியில நனைஞ்சதுக்கு எல்லாம் தாலியக் கழட்டி வைப்பாளுகளா? ஒன் வயசுல நான் கெணத்துல விழுந்து எந்திரிச்சு வந்து ஒல வச்சேன்" என்றார்கள். நான் மொச்சைக்காயை உரிக்க உட்கார்ந்தேன். அக்காவும் அவர்கள் பக்கம்தான். இந்தத் தெருவிலும் அத்தை தெருவிலும் பாதிப் பேருக்கு நான் திமிர் பிடித்த வாத்தியாரம்மா. அது பழகிவிட்டது.

மூக்கன் வந்திருந்தார். குவார்ட்டர்ஸ் பரணில் நீங்கள் மறந்துவிட்ட பித்தளை அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். காப்பி கொடுத்துவிட்டு, "அன்னிக்கு நீங்க வரும்போது ஐயா எங்கே இருந்தாங்க?" என்று கேட்டேன். டம்ளரை வைத்துவிட்டார். "என்னைக் கேக்காதீங்கம்மா. நான் பரிசல்ல வந்தேன், ஒங்களத் தூக்குனேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றார். மேற்கொண்டு கேட்பது அவருக்குத் தண்டனை மாதிரி இருந்ததால் விட்டுவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் எழுதியிருந்த விதிகளைப் பல தடவை வாசித்தேன். தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு படமும் போட்டிருக்கலாம்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக டோரதி என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். பொன்மலையில் ரயில் டிரைவர் மகள். தினமும் விடிந்ததும் அவளோடு ஆற்றுக்குப் போகிறேன். நீந்தக் கற்றுக்கொள்கிறேன். முதல் நாள் கால் தரையில் படவில்லை என்றதும் அவள் தலையைப் பிடித்து அமுக்கி, அவள் தோள்மேல் ஏறிவிட்டேன். பாவம், மூக்கில் தண்ணீர் ஏறி அரைமணி நேரம் இருமினாள். இப்போது பரவாயில்லை.

மயிலம்மாள்


சென்னை
12-4-1959

மயிலுக்கு,

நீ நீந்தக் கற்றுக்கொள்வதாக எழுதியதைப் படித்து எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. படித்துறையில் நாலு பேர் பார்க்க இது தேவையா? நீந்தத் தெரிந்த புருஷன் ஒருவன் உனக்கு இருக்கிறான் என்பது மறந்துபோயிற்றா?

மூக்கன் வேறு என்ன சொன்னான்? எதையாவது சொல்லியிருந்தால் மறைக்காமல் எழுது. அவன் நல்லவன்தான், ஆனால் அன்றைக்கு அவன் இருந்த பதற்றத்தில் என்ன பார்த்தானோ, பார்க்காததை எல்லாம் பார்த்ததாக நினைத்துக்கொண்டானோ. லஸ்கர் பேச்சைக் கேட்டு நீ எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

சைதாப்பேட்டையில் வீடு பார்த்துவிட்டேன். கிணறு இருக்கிறது, முருங்கை இருக்கிறது, பள்ளிக்கூடமும் பக்கம்தான். நீ வேலைக்குப் போவதானாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. சித்திரைக்குள் வந்து சேர். நான் வந்து கூட்டிப்போகட்டுமா என்று பத்து தடவை யோசித்துவிட்டேன். போன மாதம் எழும்பூர் ஸ்டேஷன் வரை கூட வந்தேன். பிளாட்பாரத்தில் நடந்துகொண்டே இருந்ததில் வண்டி போய்விட்டது. ஏன் ஏறவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

இது மூன்றாவது ரூம். ஆபீசில் மையொற்றுத்தாளில் என்னை அறியாமல் படகு படம் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார்.

நீ எனக்கு எழுதுகிற கடிதங்களில் கேள்வி இருக்கிறது, பித்தளை அண்டா இருக்கிறது, டிரில் டீச்சர் இருக்கிறாள். நீ எங்கே இருக்கிறாய் என்றுதான் தெரியவில்லை.

ரத்தினவேல்


ஸ்ரீரங்கம்
20-7-1959

அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று மாதமாகப் பதில் போடாதது என் தப்பு. எழுத உட்கார்ந்தால் ஒரே கேள்விதான் பேனாவில் வருகிறது. அதையே எத்தனை தடவை எழுதுவது?

நேற்று ஞாயிற்றுக்கிழமை டோரதியும் நானும் முக்கொம்புக்குப் போயிருந்தோம். உங்களுக்குப் பதிலாக வந்திருக்கிற சூப்பர்வைசரிடம் டோரதி இங்கிலீஷில் ஏதோ விளாசினாள். அவர் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தலையாட்டிவிட்டார். ஷெட்டில் குப்புறக் கிடந்த படகை மூக்கன் கழுவித் தண்ணீரில் இறக்கினார். "எதுக்கும்மா இந்த விஷப் பரீட்சை?" என்று கேட்டுக்கொண்டே பரிசலை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்தார். ஆடிக் காற்று நன்றாகவே இருந்தது. போன வருஷம் அன்றைக்கு இருந்ததற்குக் குறைவில்லை என்று அவரே சொன்னார்.

கழுத்தளவு தண்ணீரில் பாயை ஏற்றினோம். இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்கார்ந்ததும் படகு தானாகவே சாய்ந்தது. நீங்கள் மார்கழியில் எழுதிய கடிதத்தை நான் மனப்பாடம் செய்திருந்தேன். கயிற்றை அவிழ்த்தேன். டோரதியைப் பாய்ப்பக்கம் படுக்கச் சொல்லிவிட்டு நான் சுற்றிக்கொண்டு அடிப்பக்கம் போனேன். பலகை நீங்கள் எழுதிய இடத்தில் நீங்கள் எழுதிய மாதிரியே இருந்தது. ஈரம் வழுக்கியதில் இரண்டு தடவை விழுந்து, மூன்றாவது தடவை ஏறி நின்றேன்.

உடனே நான் பின்னால் சாய்ந்துவிடவில்லை. டோரதியிடம் முன்னாலேயே சொல்லிவைத்திருந்தேன். அவள் அந்தப் பக்கம் தண்ணீரில் கிடந்தபடி, கத்தாமல், வகுப்பில் பேசுகிற குரலில் எட்டாம் வகுப்பு அட்டெண்டன்ஸ் எடுத்தாள். சுராயா, காளியாயி, இருளாயி என்று நாற்பத்தொரு பெயர். பாய் அடித்துக்கொண்டுதான் இருந்தது. நடுவில் படகு இருந்தது. ஒரு பெயர் கூட எனக்குத் தவறவில்லை.

அதற்குப் பிறகு சாய்ந்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாய் தண்ணீரை விட்டுப் பிய்த்துக்கொண்டு, மழை மாதிரிக் கொட்டிக்கொண்டே எழுந்தது. படகு நிமிர்ந்தது. எட்டிப் பார்த்தால் டோரதி உள்ளே மல்லாக்கக் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மூக்கன் கைதட்டினார். எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம். இவ்வளவு நேரம்தானா, இவ்வளவு பலம்தானா இதற்கு வேண்டியிருந்தது என்று.

நான் வக்கீல் இல்லை, உங்களைக் கூண்டில் நிறுத்த. அத்தையிடமும் அக்காவிடமும் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை, இனியும் சொல்லப் போவதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும். நான் கூப்பிட்டபோது நீங்கள் படகின் அந்தப் பக்கம் இல்லை.

எங்கே இருந்தீர்கள்?

மயிலம்மாள்


சென்னை
27-7-1959

மயில்,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. கவரின் கனத்தைப் பார்த்ததும் பிரிக்கத் தைரியம் வரவில்லை. நேற்றுச் சாயங்காலம்தான் பிரித்தேன். அதற்கு முன் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுக் காலை துறைமுகத்தில் ஸ்தனிஸ்லாஸும் நானும் ஒரு சின்னப் படகில் போனோம். துறைமுக வாயைத் தாண்டியதும் காற்று மாறியது. படகு சாய்ந்தது. எட்டு மாதமாக அந்த விதிகளை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். தண்ணீரில் விழுந்ததும் என் கையும் காலும் என்னைக் கேட்கவில்லை. கரையைப் பார்த்து நீந்த ஆரம்பித்துவிட்டேன். பின்னால் அவர், "சார்! படகப் புடிங்க சார்!" என்று கூப்பிட்டார். கேட்டது. நீந்திக்கொண்டே போனேன். அவர் தனியாகவே அதை நிமிர்த்தி, ஓட்டிக்கொண்டு வந்து, என் காலரைப் பிடித்து உள்ளே தூக்கிப் போட்டார்.

பாயை இழுத்துக் கட்டினார். பிறகு கேட்டார், "மொத வாட்டியும் இப்படித்தான் போனீங்களா சார்?"

"ஆமாம்" என்றேன்.

அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு நானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. ரூமுக்கு வந்து உன் கடிதத்தைப் பிரித்தேன்.

எங்கே இருந்தேன் என்று கேட்கிறாய். மணல் திட்டில் இருந்தேன்.

படகு சாய்ந்ததும் நீ பாய்க்கு அடியில் போனதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் நீந்தினேன். உன் முதல் சத்தம் நீந்தும்போது கேட்டது. இரண்டாவது கேட்டபோது காலில் மணல் தட்டியது. எழுந்து நின்றேன். தண்ணீர் மார்பளவுதான். திரும்பிப் பார்த்தேன். படகின் வெள்ளை அடிப்பக்கம் தெரிந்தது, உன்னைத் தெரியவில்லை. மூன்றாவதாக என் பெயர் கேட்டது. என் பெயரை நீ சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் அது வேறு யாரையோ கூப்பிடுவது மாதிரி இருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன், மயில். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நின்றேன்.

பிறகு ஷட்டர் பக்கத்திலிருந்து மூக்கனின் பரிசல் வருவது தெரிந்தது. அப்போதுதான் திரும்ப நீந்தினேன். நான் படகின் அடிப்பக்கம் வந்து சேர்ந்தபோது அவன் உன்னைத் தூக்கிவிட்டான். நான் எங்கிருந்து வந்தேன் என்று அவன் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்றிலிருந்து இன்றுவரை அவன் யாரிடமும் சொல்லவில்லை. நானோ அதற்கடுத்த வாரமே ஆபீசில், படகை நிமிர்த்தப் போன கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். சொல்லச் சொல்ல அது எனக்கே நிஜமாகிவிட்டது. முழுசாக ஆகவில்லை. ஆகியிருந்தால் நான் இப்படி ரூம் ரூமாக மாறியிருக்க மாட்டேன்.

உனக்காகத் திரும்பினேனா, மூக்கன் பார்த்துவிடுவான் என்று திரும்பினேனா? நேற்றிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்காக என்று எழுதக் கை போகிறது. ஆனால் எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

இதையே அம்மாவுக்கும் இன்று எழுதிவிட்டேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. யாராவது வாசித்துத்தான் சொல்ல வேண்டும். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும். இத்தனை நாள் அந்தத் தெரு உன்னைப் பேசியது.

சைதாப்பேட்டை வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை.

ரத்தினவேல்


ஸ்ரீரங்கம்
9-8-1959

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதக் கூடாது என்று பத்து நாள் பொறுத்தேன். அந்தப் பத்து நாளும் எனக்கு ஒரு வேலை ஓடவில்லை. வகுப்பில் கோதாவரியைக் கொண்டுபோய் அரபிக் கடலில் விட்டுவிட்டேன். ஒரு பெண் எழுந்து, "டீச்சர், அது இந்தப் பக்கம்" என்றாள்.

போன புதன்கிழமை அத்தை வந்தார்கள். மடியிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்கள். "போஸ்ட்மேன் வாசிச்சான். வெளங்கல, இன்னொருக்க வாசின்னேன். வாசிச்சான். இது நெசமா?" என்றார்கள்.

"அவரே எழுதியிருக்காங்களே அத்தே."

"ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

"அன்னிக்கே தோணிச்சு. நிச்சயமாத் தெரிஞ்சது போன மாசம்."

"ஏண்டி என்கிட்ட சொல்லல? ஒன்னைய நான் என்னென்ன பேசிப்புட்டேன்!"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

சோறு போட்டேன். சாப்பிட்டு முடிக்கிற வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "நீ மெட்ராசுக்குப் போக வேண்டாம். அவன் இங்க வரட்டும். வந்தா சோத்தப் போடு. மத்ததை ஒன் இஷ்டப்படி செய். நான் நடுவுல வர மாட்டேன்" என்றார்கள். பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய் ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, பிறகு விட்டார்கள். அக்கா இரண்டு நாளாக என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொள்கிறாள். அது ஒன்றுதான் தாங்க முடியவில்லை.

இனி உங்களுக்கு.

நீங்கள் நீந்திப் போனதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வருஷம் எடுத்துக்கொண்டிருப்பேன். டோரதியின் தலையில் ஏறி அவளை அமுக்கியவள் நான். பயம் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அதில் நீங்களும் நானும் ஒன்றுதான்.

ஆனால் அதற்குப் பிறகு பதினொரு மாதம். அது பயம் இல்லை. அது நீங்கள் உட்கார்ந்து, யோசித்து, மையைத் தொட்டு எழுதியது. பைத்தியக்காரி நான்தானோ, கூப்பிடாமலேயே கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டேனோ என்று என்னை நானே எத்தனையோ நாள் சந்தேகப்பட்டேன். அது வலிக்கிறது. இன்னும் வலிக்கிறது. இதை மறைத்து எழுதினால் நானும் உங்களைப் போல ஒரு கதை சொல்ல ஆரம்பித்தவள் ஆவேன்.

எதற்காகத் திரும்பினீர்கள் என்று தெரியவில்லை என எழுதியிருந்தீர்கள். உனக்காகத்தான் என்று எழுதியிருந்தால் இந்தக் கடிதம் உங்களுக்கு வந்திருக்காது.

வருகிற சனிக்கிழமை சுதந்திர தினம், கொடியேற்றியதும் எனக்கு வேலை முடிந்துவிடும். எழும்பூரில் வெள்ளிக்கிழமை சாயங்கால வண்டியில் ஏறினால் போதும். திருச்சி ஜங்ஷன் வரை போக வேண்டாம். ஸ்ரீரங்கத்திலேயே இறங்குங்கள். அக்கா முகம் எப்படி இருக்கும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. சாப்பாடு நன்றாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மூக்கனைப் பார்க்கப் போகலாம். அவரிடம் நீங்கள்தான் பேச வேண்டும். நான் தள்ளி நின்றுகொள்கிறேன். மனுஷன் ஒரு வருஷமாக உங்கள் பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் தெரியவில்லை. வாரக் கடைசிகளில் வந்து போகிற புருஷனாக எத்தனை நாள் இருப்பீர்களோ, அதற்குள் நான் என்ன முடிவு செய்வேனோ, பேசிப் பார்க்க வேண்டும். எழுதி எழுதி இது தீராது.

மேற்கே மழை, ஆற்றில் தண்ணீர் கலங்கலாக வருகிறது. மாற்றுத் துணி இரண்டு கொண்டு வாருங்கள்.

திரும்பிப் போக டிக்கெட் மட்டும் இப்போதே எடுத்துவிடாதீர்கள்.

மயில்